முதலில் பழ ஈ, அப்புறம் கொசு: பரிணாம மரபியலில் கால் வைப்பவர்களுக்கு

டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவின் டிஎன்ஏவில் ஓரிடத்தில் டிடிசி (TTC) என்று மூன்று எழுத்துகள் வரும். நடு எழுத்து மட்டும் மாறி டிஜிசி (TGC) ஆகிவிட்டால், நரம்பணுக்களில் சோடியத்தை உள்ளே விடும் 'சோடியம் வாயில்' என்ற புரதத்தின் 1534ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் போய் சிஸ்டீன் வந்து உட்கார்ந்துவிடும். அதன்பிறகு பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளுக்கு அந்த வாயிலில் சரியான பிடி கிடைக்காது. கொசு பிழைத்துக்கொள்ளும். இதே மரபணு பழ ஈயிலும் உண்டு. அங்கே அதற்குப் பெயர் 'பாரா'. சூடு ஏறியதும் முடங்கி விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து நடக்கும் ஈக்களை 1971இல் கனடாவில் டேவிட் சுசுகியின் குழு கண்டறிந்தது. அந்த ஈக்கள் வழியாகத்தான் பாரா வெளிச்சத்துக்கு வந்தது. கொசுவையோ கொசு மருந்தையோ மனதில் வைத்து யாரும் அதைத் தேடவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் நேரே கொசு, கிரிஸ்பர் (டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கருவி), ஜீன் டிரைவ் (ஒரு மரபணுவைக் கூட்டமெங்கும் வலிந்து பரப்பும் முறை) என்று போய் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் பழ ஈயோடு கழியட்டும். ரத்தம் குடிக்காது, நோய் பரப்பாது, பத்து நாளில் அடுத்த தலைமுறை தயார். ஒரு கூட்டத்தில் ஓர் அல்லீல் (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிப் பழகிய கைக்குக் கொசுவின் மருந்து எதிர்ப்பு புதிய கணக்காகத் தெரியாது.

கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீட்டில் ஆர்வத்துக்காகச் செய்ய நினைப்பவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொசு பகுதியில் எது வீட்டில் செய்யக்கூடாது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஈ பிடிப்பது

கனிந்து கருத்த வாழைப்பழம் ஒரு துண்டு. அதன்மேல் பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் உலர் ஈஸ்ட் ஒரு சிட்டிகை. இரண்டையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் காகிதத்தைப் புனல்போலச் சுருட்டிச் செருகி, பழக்கடையின் பின்பக்கம் அல்லது வீட்டுக் குப்பைக்கூடை அருகில் நிழலில் வையுங்கள். காலையிலும் அந்தி நேரத்திலும்தான் ஈக்கள் அதிகம் நடமாடும். ஒரு நாளில் போதுமானவை விழும். மூன்று நாளைக்கு மேல் விடாதீர்கள். பாட்டிலுக்குள்ளேயே முட்டையிட்டு, பிடித்தது எது, பிறந்தது எது என்ற கணக்கு குழம்பிவிடும்.

மாம்பழத்துக்குள் புழு வைக்கும் பெரிய மஞ்சள்-பழுப்பு ஈயும் நம் விவசாயிகள் பேச்சில் பழ ஈதான். அது பேக்ட்ரோசெரா, வேறு குடும்பம். நமக்கு வேண்டியது டிரோசோஃபிலா: சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம், சிவப்புக் கண், நொதித்த பழத்தின் மேல் மெதுவாக மிதந்தாற்போல் பறக்கும்.

தென்னிந்தியாவில் பொறி வைத்தால் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் மட்டும் விழாது. அனனாஸே, மலேர்கோட்லியானா, நசூட்டா என்று கலந்துதான் வரும். இனம் பிரிப்பதற்கு ஆண் ஈக்களைப் பாருங்கள். மெலனோகாஸ்டர் ஆணுக்கு வயிற்றின் நுனி கறுப்பு, முன்காலில் ஒரே ஒரு சின்னக் கறுப்புச் சீப்பு. அனனாஸே ஆணுக்கு வயிற்று நுனி வெளிறியிருக்கும்; சீப்பு குறுக்கு வரிசைகளாகப் பிரிந்திருக்கும். நசூட்டா ஆணின் நெற்றி வெள்ளிபோல மினுங்கும். பெண்களை வைத்துப் பிரிப்பது பழகியவர்களுக்கே தலைவலி. அதனால் ஒவ்வொரு பெண்ணையும் தனிக் குழலில் விட்டு, அவள் மகன்களைப் பார்த்து முடிவு செய்வதுதான் சுலபம்.

ஈக்குச் சாப்பாடு

மேல்நாட்டு ஆய்வகங்களில் மக்காச்சோள மாவு. மைசூரு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாகப் புழங்குவது ரவையும் வெல்லமும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வெல்லம் 100 கிராம், ரவை 100 கிராம், அகர் 10 கிராம். கொதிக்கும் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அகரைச் சேர்த்து, ரவையைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். கேசரி கிண்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. இறக்கிவைத்துச் சற்று ஆறியபிறகு பூஞ்சை பிடிக்காமலிருக்க 7.5 மில்லி புரோப்பியானிக் அமிலம் சேர்க்க வேண்டும். அது அரிக்கும், மூக்கைத் துளைக்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கல்லூரி ஆய்வகத்தில்தான் இது கிடைக்கும். வீட்டில் வினிகரால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் பூஞ்சை முன்கூட்டியே தலைகாட்டும். அகர் என்பது மளிகைக் கடையில் கடல்பாசி என்று விற்பதுதான்.

குழல்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மெல்லிய துணி மூடி ஆறவிடுங்கள். சுவரில் ஈரம் காய்ந்த பிறகே ஈயை விட வேண்டும். இல்லாவிட்டால் இறக்கை ஒட்டிச் சாகும். பஞ்சடைப்பு இறுக்கமாக இருக்கட்டும். குழலில் தேதியும் எண்ணும் எழுதாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விடாதீர்கள்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் வெயில். 25 டிகிரியில் முட்டை ஒரு நாளில் பொரிந்து, நான்கைந்து நாள் புழுவாக இருந்து, கூட்டுப்புழுவாகி, ஒன்பது பத்து நாளில் ஈ வெளிவரும். 30 டிகிரியை ஒட்டி ஏறினால் மெலனோகாஸ்டர் ஆண்கள் மலடாகத் தொடங்கும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ சித்திரை வெயிலில் குழலை மேசைமேல் வைத்துவிட்டு "முட்டையே இல்லையே" என்று தேடுவதில் பயனில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் குளிர்ந்த தண்ணீர் பாட்டில், ஒரு தெர்மாமீட்டர், பாட்டிலைக் காலை மாலை மாற்றுவது. இது போதும். அனனாஸே சூட்டைக் கொஞ்சம் தாங்கும். கோடையில் தொடங்குகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆணா, பெண்ணா, கன்னியா

ஈயை மயக்க ஈதர் வேண்டாம், தீப்பற்றும். குழலை ஃப்ரீசரில் மூன்று நிமிடம் வைத்து, ஐஸ்கட்டி மேல் கவிழ்த்த எவர்சில்வர் தட்டில் ஒரு வெள்ளைக் காகிதம் போட்டு அதில் கொட்டுங்கள். அதிக நேரம் விட்டால் எழுந்திருக்காது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். பெண் பெரியது, வயிறு நுனியில் கூர்மை, முதுகுப்பக்கம் கோடுகள் நுனிவரை தனித்தனியாகத் தெரியும். மெலனோகாஸ்டர் ஆணின் வயிறு உருண்டு முடியும், நுனி மை தொட்டதுபோல் இருக்கும். முதல் நாள் தடுமாற்றமாக இருக்கும். ஐம்பது ஈ பார்த்த பிறகு வெறுங்கண்ணே சொல்லிவிடும்.

கலப்பு செய்ய வேண்டுமானால் கன்னிப் பெண்கள் வேண்டும். ஒருமுறை சேர்ந்த பெண் அந்த விந்தைச் சேமித்துவைத்து இரண்டு வாரம்வரை முட்டையிடும். நீங்கள் அப்புறம் விடும் ஆணுக்கும் பிறந்த குஞ்சுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். வெளிவந்து முதல் எட்டு மணி நேரம் பெண் சேராது என்பது 25 டிகிரிக்கான கணக்கு. நம் அறைச் சூட்டுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குழலில் உள்ள எல்லா ஈக்களையும் வெளியேற்றிவிட்டு, மதியத்துக்குள் புதிதாக வந்தவற்றில் பெண்களை எடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு: இப்போதுதான் பிறந்த ஈ வெளிறி, இறக்கை சுருண்டு, வயிற்றின் அடிப்பக்கத்தில் கரும்பச்சையாக ஒரு புள்ளியோடு இருக்கும். புழுவாக இருந்தபோது தின்றதன் மிச்சம் அது. அந்தப் புள்ளி தெரிந்தால் கன்னி, சந்தேகம் வேண்டாம்.

ஒருதாய் வழிகள்

பரிணாம மரபியல் உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியே பிடித்த பெண் ஈக்களை ஆளுக்கொரு குழலில் தனியாக விடுங்கள். பெரும்பாலும் அவை ஏற்கெனவே சேர்ந்தவைதான், ஆண் தேவையில்லை. பத்து பதினைந்து குழல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு குழலும் அந்தப் பழக்கடைக் கூட்டத்தின் ஒரு துளி. ஒரு தாயிலிருந்து வரும் அந்தச் சந்ததியைத்தான் ஒரு 'வழி' என்கிறோம்.

எல்லா ஈயும் சிவப்புக் கண்ணோடு ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறுபாடு உள்ளே ஒளிந்திருக்கிறது. 1920களில் ரஷ்யாவில் செர்கேய் செட்வெரிகோவ் செய்தது இதுதான்: கருங்கடல் கரையில் பிடித்த பெண் ஈக்களைத் தனித்தனியாக வளர்த்து, அவற்றின் பிள்ளைகளை உடன்பிறந்தவையோடு சேரவிட்டார். பார்வைக்கு இயல்பாக இருந்த அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து 30க்கும் மேற்பட்ட ஒடுங்கு சடுதிமாற்றங்கள் (இரண்டு பிரதியிலும் இருந்தால்தான் வெளியே தெரிபவை) எட்டிப் பார்த்தன.

அதையே நீங்கள் செய்யலாம். தாய் ஒரே ஆணோடு சேர்ந்திருந்தால் குழலில் நான்கு குரோமோசோம் தொகுதிகள் இருக்கின்றன: அவளுடையவை இரண்டு, அவனுடையவை இரண்டு. அதில் ஒன்றில் மட்டும் ஒடுங்கு அல்லீல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகளிடையே அதன் விகிதம் கால். அவை தமக்குள் சேர்ந்தால் பேரப்பிள்ளைகளில் கால் பெருக்கல் கால், அதாவது 16இல் 1 அந்தப் பண்பை வெளியே காட்டும். நூறு ஈ எண்ணினால் ஆறு. இருபது எண்ணிவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதுவது அவசரம். கண் நிறம், இறக்கை நரம்பு, முதுகு முடி, உடல் நிறம் இவற்றை மட்டும் பாருங்கள். ஒரு வழியில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது மரபு. எல்லாக் குழலிலும் ஒன்றிரண்டு மடங்கிய இறக்கை வந்தால் சாப்பாடு ஈரமாக இருந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பண்பை அளப்பது

நிறத்தைவிட உயிர்வாழ்வைத் தீர்மானிக்கும் பண்புகள் சுவையானவை. கருவி இல்லாமல் அளக்கக்கூடியது குளிர்மயக்கம். மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள பெண் ஈக்களை வழிக்குப் பத்தாக எடுத்து, காலிக் குழலில் அடைத்து, ஐஸும் தண்ணீரும் கலந்த பிளாஸ்க்கில் நான்கு மணி நேரம் முக்கிவையுங்கள். வெளியே எடுத்துத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றும் காலூன்றி எழும் நேரத்தைக் குறியுங்கள். குளிர்நாட்டு ஈக்கள் சீக்கிரம் எழும், வெப்பநாட்டு ஈக்கள் தாமதிக்கும். கண்டம் கண்டமாக இதை அளந்திருக்கிறார்கள். ஒரே ஊரின் வழிகளுக்குள்ளும் வேறுபாடு தெரியும்.

எச்சரிக்கை இரண்டு. ஆண் பெண் பிரிக்க ஐஸில் வைத்த ஈயை அன்றே இதற்குப் பயன்படுத்தாதீர்கள். குளிருக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும். இரண்டாவது, நெரிசல். ஒரு குழலில் 40 முட்டை, இன்னொன்றில் 300 முட்டை என்றால் இரண்டாவதில் பிறப்பவை சிறுத்துப்போகும், எல்லா அளவும் மாறும். அதை மரபு என்று எழுதிவிடுவார்கள். மாணவர் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவதே முட்டை எண்ணிக்கையைத்தான். எண்ணாதவர் அறிக்கையில் மிச்சத்தைப் படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

வழிகளுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே வழிக்குள் இருக்கும் வேறுபாட்டைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் அந்தப் பண்பில் மரபின் பங்கு உண்டு. அமெரிக்காவில் ராலே நகரின் உழவர் சந்தையில் பிடித்த ஈக்களிலிருந்து இதே முறையில் 205 வழிகளை உண்டாக்கி, ஒவ்வொன்றின் மரபுத்தொகுதியையும் படித்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் குழல்களும் அந்த வகைதான். அவற்றின் வரிசை மட்டும் படிக்கப்படவில்லை.

தேர்வும் தற்செயலும்

எல்லா வழிகளையும் ஒரு பாட்டிலில் கலந்து, சீக்கிரம் எழுந்த ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக விடுங்கள். பக்கத்தில் தேர்வே செய்யாத பாட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டிலும் மும்மூன்று. இல்லாவிட்டால் வந்த மாற்றம் தேர்வாலா, அறைச் சூட்டாலா என்று தெரியாது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழு, வேகமாக வளரும் ஈக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது. வளர்ச்சிக் காலம் குறைந்தது, கூடவே உடலும் சிறுத்துப்போனது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் குறைவு.

தேர்வே இல்லாமலும் அல்லீல்கள் நகரும். 1956இல் பீட்டர் பூரி வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் நல்ல உதாரணம். இரண்டு பிரதி உள்ளவை, ஒன்று மட்டும் உள்ளவை, இல்லாதவை என்ற மூன்று மரபு வகைகளையும் கண் நிறத்தை வைத்தே பிரித்தறியும்படியான ஓர் அல்லீலை எடுத்துக்கொண்டார். 107 குழல்கள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண், தொடக்கத்தில் அல்லீல் சரிபாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் கண்ணை மூடிக்கொண்டு 16 ஈ எடுப்பதுபோல. 19 தலைமுறை முடிந்தபோது 30 குழல்களில் அந்த அல்லீல் அடியோடு காணாமல் போயிருந்தது. 28 குழல்களில் அது மட்டுமே மிஞ்சியிருந்தது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஈ கைவசம் இல்லாதவர்கள் ஒரு பையில் கறுப்பு, வெள்ளை மணி 16, 16 போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நிறத்தைக் குறித்துத் திருப்பிப் போட்டு, 32 முறை எடுத்ததை அடுத்த தலைமுறையாக வைத்துச் செய்து பாருங்கள். சிறிய கூட்டத்தில் ஒரு மாற்றம் தென்பட்டவுடன் "இது தேர்வு" என்று சொல்லும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

இடையில் ஒன்று. ஆய்வகங்களில் நெடுங்காலமாக வளரும் கேன்டன்-எஸ் என்ற பழைய வழியின் பெண்களோடு நீங்கள் வெளியே பிடித்த ஆண்களைச் சேர்த்து, பிள்ளைகள் மலடாகப் பிறந்தால் பயப்பட வேண்டாம். பி-கூறு என்ற தாவும் டிஎன்ஏ, டிரோசோஃபிலா வில்லிஸ்டோனி இனத்திலிருந்து மெலனோகாஸ்டருக்குத் தாவி, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகமெங்கும் காட்டு ஈக்களில் பரவிவிட்டது. அதற்கு முன்பே ஆய்வகத்துக்குள் வந்த ஈக்களிடம் அது இல்லை, அதை அடக்கும் ஏற்பாடும் இல்லை. திருப்பிச் சேர்த்தால், அதாவது காட்டுப் பெண்ணும் ஆய்வக ஆணும் என்றால், பிரச்சினை வராது. தாய் வழியாக அடக்கும் சக்தி முட்டைக்குள் வந்துவிடுகிறது.

எழுத்துகளைப் படிப்பது

மார்ட்டின் கிரெய்ட்மன் 1983இல் மெலனோகாஸ்டரின் ஆல்கஹாலைச் சிதைக்கும் ஏடிஎச் மரபணுவை 11 பிரதிகளில் வரிசைப்படுத்தினார். 43 இடங்களில் எழுத்து வேறுபட்டது. புரதத்தை மாற்றியது அவற்றில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஓசையில்லாத மாற்றம். புரதத்தை மாற்றும் சடுதிமாற்றங்களில் பெரும்பாலானவற்றை இயற்கை விட்டுவைப்பதில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

1991இல் அவரும் ஜான் மெக்டொனால்டும் இன்னொரு கேள்வி கேட்டார்கள். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டையும், இனங்களுக்கு இடையே நிலைத்துவிட்ட வேறுபாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ், யாகுபா என்ற மூன்று இனங்களில் அதே ஏடிஎச். இனத்துக்குள்: புரதத்தை மாற்றுபவை 2, மாற்றாதவை 42. இனங்களுக்கு இடையே: மாற்றுபவை 7, மாற்றாதவை 17. ஒரு தாளில் இதை நான்கு கட்டமாகப் போடுங்கள். புரத மாற்றங்கள் வெறும் தற்செயலாக நிலைத்திருந்தால் இரண்டு விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் இனத்துக்குள் 42க்கு 2. அந்தக் கணக்கில் 17க்கு ஒன்றுகூட முழுசாக வராது. வந்திருப்பதோ ஏழு. ஆக, ஏழில் சுமார் ஆறு மாற்றங்களைத் தேர்வுதான் தூக்கி நிறுத்தியிருக்கிறது. நான்கே நான்கு எண், கால்குலேட்டர்கூட வேண்டாம். இன்றுவரை ஈயிலும் கொசுவிலும் இந்தக் கட்டத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது கொசு

வீட்டில் கொசு வளர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் விதிக்கும். இலங்கையில் 2007இல் வந்த நுளம்பு உற்பத்தித் தடுப்புச் சட்டமே இருக்கிறது. சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

முட்டையும் புழுவும் வரை பார்க்கலாம். கறுப்பு டப்பாவில் பாதித் தண்ணீர், உள்சுவரில் சொரசொரப்பான பழுப்புத்தாள். ஐந்து நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரும்புள்ளிகளாகத் தனித்தனியாக ஒட்டியிருந்தால் ஏடிஸ். இந்த முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எண்ணி முடித்ததும் தாளைக் கொதிநீரில் போடுங்கள், டப்பாவைத் தேய்த்துக் கழுவுங்கள். புழுக்களில் அனாபிலஸ் நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். ஏடிஸும் க்யூலெக்ஸும் மூச்சுக்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். ஏடிஸுக்குக் குழாய் குட்டை.

இதற்கு மேற்பட்டதெல்லாம் ஆய்வகத்தின் வேலை. மருந்து எதிர்ப்பை அளக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனைதான் அடிப்படை. மருந்து தோய்ந்த தாள் சுற்றிய குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் அடைத்து, வேறு குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. நடுவில் விழுந்தால் மறுபடி சோதிக்க வேண்டும்.

அடுத்து, பிழைத்தவை ஏன் பிழைத்தன என்ற கேள்வி. முதல் சந்தேகம் சோடியம் வாயில் மீது. பிசிஆர் செய்து ஒவ்வொரு கொசுவின் மரபு வகையையும் பார்ப்பார்கள். கணக்குக்காக ஒரு கற்பனை எண்: 60 கொசுக்கள், இரண்டு பிரதியும் எதிர்ப்பு அல்லீல் உள்ளவை 15, ஒன்று மட்டும் 24, இல்லாதவை 21. எதிர்ப்பு அல்லீலின் விகிதம் (30 + 24) வகுத்தல் 120, அதாவது 0.45. தேர்வோ இனச்சேர்க்கையில் பாகுபாடோ இல்லாத கூட்டத்தில் எந்த வகை எத்தனை வரும் என்று சொல்லும் ஹார்டி-வெய்ன்பெர்க் கணக்குப்படி கலப்பு வகை (ஒரு பிரதி மட்டும் உள்ளவை) 29.7 இருக்க வேண்டும், இருப்பது 24. குறைவாகத் தெரிகிறதல்லவா? எதிர்பார்த்ததும் இருப்பதும் எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனை போட்டால் 2.21, எல்லை 3.84. தற்செயலாலேயே இப்படி வரலாம். பூரியின் குழல்களைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. இதைவிடப் பெரிய அபாயம் வேறு: 60 புழுக்களையும் ஒரே டிரம்மில் மொண்டிருந்தால் பாதி உடன்பிறந்தவையாக இருக்கும். ஒரு தாயின் குடும்பத்தைத்தான் அளந்திருப்பீர்கள், ஊரை அல்ல. தெருவுக்கு ஒன்றிரண்டு என்று பல இடங்களில் எடுக்க வேண்டும்.

வாயில் மரபணு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறு. 2002இல் மெலனோகாஸ்டரில் டிடிடி எதிர்ப்புக்குக் காரணமாகக் கண்டறிந்தது வேறு வகை. சைப்6ஜி1 என்ற நஞ்சுமுறிக்கும் மரபணுவின் முன்னால் அக்கார்ட் என்ற தாவும் கூறு வந்து ஒட்டிக்கொண்டு, அதன் உற்பத்தியைக் கூட்டிவிட்டது. கொசுக்களிலும் இதே குடும்பத்து மரபணுக்கள் மருந்தைச் சிதைக்கின்றன. டீல்டிரின் என்ற பூச்சிமருந்துக்கு எதிர்ப்பு வந்த கதை இன்னும் நேரடி: ஆர்டிஎல் மரபணுவை முதலில் பழ ஈயில் பிரித்தெடுத்தார்கள், அலனின் இருந்த இடத்தில் செரின். பிறகு ஏடிஸில் தேடினால் அதற்கு நேரான இடத்தில் அதே மாற்றம். வேறு வேறு பூச்சிகள், தனித்தனியாக அதே ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

ஈயிலிருந்து கொசுவுக்குப் போன பாக்டீரியா

வொல்பாக்கியா பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. தொற்றுள்ள ஆண், தொற்றில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. தொற்றுள்ள பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை, அவள் பிள்ளைகளுக்கும் தொற்று போகும். அதனால் ஒரு வாசல் அளவைத் தாண்டிவிட்டால் தானாகவே ஏறும். தாண்டாவிட்டால் மங்கி மறையும். கலிஃபோர்னியாவில் 1980களில் சிமுலன்ஸ் ஈக்களிடையே இது ஆண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பரவியதை மைக்கேல் டுரெல்லியும் ஏரி ஹாஃப்மனும் நேரிலேயே பின்தொடர்ந்தார்கள்.

மெலனோகாஸ்டரில் இருந்த வகையை ஏடிஸ் ஈஜிப்டிக்கு மாற்றினால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவில் சரியாகப் பெருகுவதில்லை. 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் அப்படிப்பட்ட கொசுக்களைத் திறந்துவிட்டார்கள், கூட்டத்தில் நிலைத்துவிட்டன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. கொழும்பிலும் முன்னோட்டம் நடந்தது. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்தகைய இரண்டு ஏடிஸ் வழிகளை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது. ஈயிலிருந்து எடுத்த வகை கடும் வெயிலில் கொசுவுக்குள் குறைந்துபோகிறது. வேறொரு கொசு இனத்திலிருந்து எடுத்த வகை வெயிலைக் கூடுதலாகத் தாங்குகிறது. நம் ஊருக்கு எது என்று யோசிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

மடிக்கணினி மட்டும் இருந்தால்

ஈயும் வேண்டாம், கொசுவும் வேண்டாம், கணினிதான் வரும் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஆப்பிரிக்காவின் மலேரியா கொசுவான அனாபிலஸ் காம்பியேயின் ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் 2017இல் 765 கொசுக்களின் வரிசையை வெளியிட்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வேறுபடும் இடங்கள். மலேரியாஜென் குழுவின் பைத்தான் தொகுப்பைக் கூகுள் கோலாபில் நிறுவினால் உலாவிக்குள்ளேயே இதைத் திறக்கலாம். பயிற்சிப் பாடங்களும் இலவசம். ஈ மரபணுக்களுக்கு ஃப்ளைபேஸ், கொசுக்களுக்கு வெக்டர்பேஸ் என்ற தரவுத்தளங்கள் உண்டு.

முதல் கேள்வியைச் சின்னதாக எடுங்கள்: சோடியம் வாயிலில் லூசின் போய் ஃபீனைல்அலனின் வரும் மாற்றம் எந்த நாட்டில் எத்தனை சதவீதம்? ஒரு பொறி இருக்கிறது. கட்டுரைகளில் இதன் இடம் 1014 என்றிருக்கும். அது வீட்டு ஈயின் எண் வரிசை. மலேரியாஜென் தரவில் அதே மாற்றம் 995. 1014ஐத் தேடி ஒன்றும் இல்லையே என்று கைவிட்டவர்கள் உண்டு.

ஈ வகைகள் வேண்டுமானால் மைசூரு பல்கலைக்கழகத்தின் டிரோசோஃபிலா இருப்பு மையத்துக்குக் கல்லூரி வழியாகத் துறைத்தலைவர் கையெழுத்தோடு எழுதுங்கள். வெள்ளைக்கண், மஞ்சள் உடல், குட்டை இறக்கை மூன்றும் முதலில் போதும். கொசுவிலேயே தொடர நினைப்பவர்களுக்குப் புதுச்சேரி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்எஸ்சி இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது உங்கள் குழல் நோட்டையும் கொண்டுபோங்கள்: தேதி, வழி எண், முட்டை எண்ணிக்கை, அறைச் சூடு, எண்ணிய ஈக்கள். அழகாகப் பிரதியெடுக்க வேண்டாம், வெல்லக்கறை படிந்த நோட்டே போதும்.